காட்டோரக் கிழங்கைத் தோண்டும் முன்

கேள்வி இதுதான். ஹில்வியூ பக்கம் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். புளோக்குக்குப் பின்னால், பழைய ரயில் பாதையை ஒட்டிய காட்டில் பெரிய இலையுள்ள கொடி ஒன்று மரங்களை மூடிக்கொண்டே போகிறது. இலைக் கக்கத்தில் உருளைக்கிழங்கு போலக் காய்கள் தொங்குகின்றன. ஊரில் சாப்பிட்ட காய்வள்ளி இதுதான் என்று மாமியார் நாலைந்தைப் பொறுக்கிவந்து சமையல் மேடையில் வைத்திருக்கிறார். அதே இடத்தில் வெள்ளைப் பூ பூக்கும் லில்லிக் கூட்டம் ஒன்றும் வருடத்துக்கு வருடம் பெருகுகிறது. இவை காட்டுக்குச் சொந்தமா, யாருடைய தோட்டத்திலிருந்தாவது வந்தவையா? பிடுங்கலாமா? எப்படிப் பிடுங்குவது?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழங்கைச் சமைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது சான்சிபார் வள்ளி. நம் ஊர்க் காய்வள்ளிக்கு ஒன்றுவிட்ட உறவு, அதே வள்ளிக் குடும்பம். ஆனால் ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் சேர்ந்தது, கிழங்கில் நஞ்சு உண்டு. கருணைக்கிழங்கு நாக்கில் காறினால் புளி சேர்த்து வேகவைக்கிறோம், காறல் அடங்கிவிடுகிறது. மாமியார் அந்தப் பழக்கத்தில்தான் நினைத்திருப்பார். இங்கே அந்த வைத்தியம் உதவாது. காய்வள்ளியிலேயே காட்டில் முளைப்பவை கசந்து வயிற்றைக் கெடுக்கக்கூடியவை. காட்டில் பொறுக்கிய எந்த வள்ளியையும் சிங்கப்பூரில் அடுப்பேற்றக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அடையாளம். சான்சிபார் வள்ளியின் இலை பெரியது, சாப்பாட்டுத் தட்டை மறைக்கும் அளவுக்கு வளரும். சில இலைகள் அகன்ற இதய வடிவில் இருக்கும். பலவற்றில் ஓரத்தில் மூன்று முதல் ஐந்து மூலைகள் பிதுங்கி நிற்கும். நரம்புகள் காம்பு சேரும் இடத்திலிருந்து விரல் விரித்ததுபோலக் கிளம்பும். இவை போதாதென்றால் நுனியைப் பாருங்கள். இலை முடிகிற இடத்தில் மெல்லிய வால் ஒன்று நீண்டு, கொஞ்சம் தடித்து, எலி வால் போலத் தொங்கும். அந்தத் தடிப்புக்குள் ஒருவகை பாக்டீரியா குடியிருக்கிறது, செடியோடு சேர்ந்தே வாழ்கிறது. காய்வள்ளியின் இலை மூலை இல்லாத நல்ல இதய வடிவம், வெற்றிலையை ஊதிப் பெரிதாக்கியது போல. தேக்காவில் விற்கும் பெருவள்ளிக் கொடியின் தண்டு நாலு பட்டையாக, விளிம்பில் மெல்லிய இறக்கையோடு இருக்கும், விரலால் உருட்டினாலே தெரியும். சான்சிபார் வள்ளியின் தண்டில் அந்த இறக்கை கிடையாது.

நீங்கள் காய் என்று சொல்வது காய் இல்லை. அதற்குள் விதை கிடையாது. அதுவும் கிழங்குதான், மண்ணுக்குள் விளையாமல் இலைக் கக்கத்தில் விளைகிறது. களையெடுக்கும் தொண்டூழியர்களான நாங்கள் அதைக் குமிழ் என்கிறோம். ஊதா கலந்த பழுப்பு நிறம், கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சைக்குமேல் வரை. விழுந்த இடத்தில் முளைக்கும். மண் மூடவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, இலைச் சருகின் மேலேயே கிடந்து வேர் விடும். சிங்கப்பூரில் இந்தக் கொடி பரவுவதே இந்தக் குமிழால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அகற்றும் முறை முழுவதும் தானாகப் புரியும்.

லில்லிக்கு வருகிறேன். அங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இங்கே ஒரே மாதிரி தோன்றும் இரண்டு இருக்கின்றன. ஒன்று அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்ட சிலந்தி லில்லி, ஹைமனோகாலிஸ். இன்னொன்று நம்மூரிலும் இங்கும் கடற்கரைக்குச் சொந்தமான விஷமூங்கில், கிரைனம். இரண்டுக்கும் வெள்ளைப் பூ, நீண்டு மெலிந்த ஆறு இதழ், மாலையில் மணம். பூவின் நடுவைப் பாருங்கள். சிலந்தி லில்லியில் காகிதம்போல மெல்லிய ஒரு வெள்ளைக் கிண்ணம் இருக்கும். மகரந்தத் தாள்கள் ஆறும் அந்தக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்துதான் எழும். விஷமூங்கிலில் கிண்ணமே இருக்காது. தாள்கள் தனித்தனியே நிற்கும், மேல்பக்கம் ஊதாச் சிவப்பு ஓடியிருக்கும். பூ இல்லாத நாளில் அடியைப் பாருங்கள். விஷமூங்கில் வாழைக்கன்று போலத் தடித்த கழுத்தோடு உயர்ந்து அதன் உச்சியில் அகன்ற இலைகளை விரிக்கும். சிலந்தி லில்லியின் இலைகள் குறுகிய பட்டையாக மண் மட்டத்திலிருந்தே கிளம்பும். ஹில்வியூ கடற்கரை இல்லை. அங்கே கூட்டமாக நிற்பது எதுவானாலும் யாரோ வைத்தது அல்லது தூக்கிப்போட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கிண்ணத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். கருப்பு வெள்ளைக் கோடு போட்ட கம்பளிப்புழு இரண்டையும் மொட்டையடிக்கும், ஆகவே புழுவை வைத்து அடையாளம் சொல்ல முடியாது.

சொந்தக் காட்டுச் செடிகளிலும் ஏமாற்றுபவை உண்டு. டயோஸ்கோரியா பைரிஃபோலியா என்று ஒரு வள்ளி சிங்கப்பூர்க் காட்டுக்குச் சொந்தமானது. அதன் இலை சின்னது, மூலைகள் கிடையாது. நிழலான ஓடைக்கரையில் வௌவால் முகம்போலக் கரும்பூ பூக்கும் தாக்கா ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் தடித்த தண்டு வைத்திருப்பதால் பூவில்லாத நேரத்தில் அதைத் தோட்டச் செடி என்று ஒரு புதியவர் பிடுங்கப் போன நாளை நான் மறக்கவில்லை. இங்கே அது மிக அரிதானது. ஒரு செடியை இழந்தாலே இழப்பு. சந்தேகம் வந்தால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம், அடுத்த வாரமும் அது அங்கேதான் இருக்கும்.

தோட்டத்திலிருந்து எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்லும் பகுதியில் இரண்டு வழி. ஒன்று, பழைய கம்பங்கள், அதாவது கிராமங்கள். சிங்கப்பூரின் காடுகளில் பெரும்பகுதி ரப்பரும் காம்பீரும் பயிரிட்டு, கம்பம் இருந்து, பிறகு கைவிடப்பட்ட நிலத்தில் மீண்டு வந்தவை. ஆதிக் காடு தீவின் பரப்பில் ஒரு விழுக்காடுகூட இல்லை. வீடுகள் போய்விட்டன, முற்றத்துச் செடிகள் நின்றுவிட்டன. தாம்சன் இயற்கைப் பூங்காவில் பழைய ஹைனானியக் கிராமத்தின் சுவர்களோடு ரம்புத்தானும் தோட்டச் செடியும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். இரண்டாவது வழி இன்றும் நடக்கிறது. வீடு மாறும்போதும், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதும் காரிடாரில் இருந்த தொட்டியைக் காட்டோரத்தில் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். குப்பையில் போட மனம் வராமல், உயிரோடு ஓர் இடத்தில் விடுவோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் பலர் செய்கிறார்கள். கலேடியம், பாம்புச் செடி, டீஃபன்பாக்கியா, சிலந்தி லில்லி எல்லாவற்றையும் தொட்டி வடிவிலேயே உறைந்த மண்ணோடு நான் காட்டில் கண்டிருக்கிறேன். உங்கள் புளோக்கில் யாரிடமாவது சொல்ல முடிந்தால் இதைச் சொல்லுங்கள். வேண்டாத செடியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுவதுதான் காட்டுக்குச் செய்யும் உபகாரம்.

பிடுங்கலாமா? நீங்களாகப் போய்ப் பிடுங்கக் கூடாது. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கும் சட்டப்படி இயற்கைப் பாதுகாப்பு வனங்கள். அங்கே அனுமதியில்லாமல் எந்தச் செடியை வெட்டினாலும் எடுத்தாலும் பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின்படி 50,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். களைதானே என்று வாதாட முடியாது. பூங்காவிலும் அரசு நிலத்திலும்கூட அனுமதி வேண்டும். இந்தக் கண்டிப்பு சரிதான் என்று நினைக்கிறேன். களை என்று நினைத்து அரிய செடியைப் பிடுங்குகிற கை எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும் கெடுதல் ஒன்றுதான். நீங்கள் செய்யவேண்டியது, இடத்தைப் படமெடுத்து ஒன்சர்வீஸ் செயலியில் தெரிவிப்பது. பிறகு தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியராகப் பதிந்துகொள்வது. 2019இல் கழகம் அறிவித்த காடு மீட்புத் திட்டம் 10 ஆண்டுகளுக்கானது. பாதுகாப்பு வனங்களைச் சுற்றியுள்ள இயற்கைப் பூங்காக்களில் ஊடுருவும் களைகளை அகற்றி 250,000 உள்ளூர் மரங்களையும் புதர்களையும் நடுவது அதன் நோக்கம். களையெடுக்கக் கை தேவைப்படுகிறது, கற்றும் தருவார்கள்.

சரி, அனுமதியோடு குழுவாக இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி எப்படி?

தமிழில் எல்லாவற்றையும் கிழங்கு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தோண்டும்போது அது போதாது. சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் போன்றது ஒருவகை. குறுக்கே வெட்டினால் அடுக்கு அடுக்காக இருக்கும், அடியில் தட்டு மாதிரி ஒரு பகுதி, அதைச் சுற்றிக் குட்டிகள் பிரியும். சிலந்தி லில்லி இந்த வகை. சேம்பு போன்றது இன்னொன்று. உள்ளே கெட்டியாக, அடுக்கில்லாமல், பக்கத்தில் மொட்டு மொட்டாகக் குட்டிக் கிழங்கு ஒட்டியிருக்கும். ஓடையோரச் சேம்பும், ஏறக்குறைய கலேடியமும் இப்படி. வள்ளி மூன்றாவது வகை. கிழங்கு எவ்வளவு பெரியதானாலும் மிகச் சுலபமாகத் துளிர்ப்பது தண்டு சேரும் தலைப் பக்கம்தான். மஞ்சள், இஞ்சி போன்றது நான்காவது. கணு உள்ள எந்தத் துண்டும் தனிச் செடியாகும். முதல் வகையில் குட்டி ஒன்று தப்பக் கூடாது. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதில் தலை தப்பக் கூடாது. நான்காவதில் மண்வெட்டி போட்டுத் துண்டாடவே கூடாது. தோண்டும் முன் இதைக் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சான்சிபார் வள்ளியில் வேலை மண்ணில் தொடங்குவதில்லை. பல வருடம் முன்பு, நாங்கள் புதியவர்களாக இருந்தபோது, ஓர் அல்பீசியா மரத்தின் மேல் ஏறியிருந்த கொடியை ஐந்து பேர் பிடித்து இழுத்தோம். கொடி இரண்டு இடத்தில் அறுந்தது. மேலிருந்து குமிழ்கள் ஆலங்கட்டி மழைபோலத் தலையிலும் தோளிலும் விழுந்து சருகுக்குள் உருண்டன. பொறுக்கினோம், இரண்டு மூட்டை சேர்ந்தது. நிறைவாகத்தான் வீடு போனோம். ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது அந்த மரத்தடியில் கால் வைக்க இடமில்லை. அத்தனையும் இளங்கொடி, ஒவ்வொன்றும் பக்கத்தில் எதையாவது பிடித்துச் சுற்றத் தொடங்கியிருந்தது. ஒரு கொடியை எடுத்துவிட்டு ஒரு நாற்றங்காலையே விதைத்திருந்தோம். அந்த மரத்தடியைச் சுத்தம் செய்ய அப்புறம் இரண்டு வருடத்துக்குமேல் ஆனது.

ஆகவே வரிசை இப்படி. முதலில் கையெட்டும் உயரத்துக் குமிழ்களை ஒவ்வொன்றாகப் பறித்துப் பையில் போடுங்கள். முற்றிய குமிழ் தொட்டதும் உதிரும், ஆகவே ஒரு கையைக் கீழே ஏந்திக்கொண்டு மறுகையால் பறிக்கவேண்டும். கீழே பழைய துணியோ தார்பாலினோ விரித்துக்கொண்டால் நல்லது. அடுத்து, உதிர்ந்து கிடப்பவற்றைத் தேடுங்கள். மரத்தடியில் மட்டும் பார்த்தால் போதாது. சரிவாக இருந்தால் கீழ்ப்பக்கமாக, வாய்க்கால் இருந்தால் அதன் வளைவுகளில் அவை சேர்ந்திருக்கும். மண்டியிட்டுச் சருகை விரலால் விலக்கிப் பார்க்கவேண்டும். பழுப்புச் சருகுக்குள் பழுப்புக் குமிழ் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரல்தான் கண்டுபிடிக்கும். காட்டுப்பன்றி கிளறிய இடமென்றால் கூடுதலாகத் துழாவுங்கள், இளகிய மண்ணில் பாதி புதைந்து கிடக்கும்.

அதற்கப்புறம்தான் கொடியை வெட்டுவது. இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு. மேலே ஏறியிருப்பதை இழுக்கவேண்டாம். அது அங்கேயே காய்ந்து, இற்று, தானாக விழும். இழுத்தால் மரக்கிளை முறியும், கிளையில் ஒட்டியிருக்கும் பெரணியும் ஆர்க்கிட்டும் சேர்ந்து வரும், உச்சிக் குமிழ்களும் உதிரும். உச்சியில் முற்றியவை எப்படியும் சில வாரத்தில் விழத்தான் போகின்றன. அவற்றுக்காகத்தான் திரும்பி வரப்போகிறோம்.

வெட்டிய அடித்தண்டை விடாமல் பிடித்துக்கொண்டு மண்ணுக்குள் போங்கள். ஒரு கை தண்டில், மறுகை மண்ணில். தண்டு நேராகக் கிழங்குக்குப் போகும் என்று எண்ணக் கூடாது, ஓரடி கிடையாக ஓடிப் பிறகு இறங்குவதும் உண்டு. மழை விட்ட மறுநாள் மண் பதமாக இருக்கும், விரலாலேயே தோண்டலாம். காய்ந்த நாளில் சின்னக் கைக்கொத்து வேண்டும். கிழங்கின் தோல் தட்டுப்பட்டதும் கொத்தை வைத்துவிட்டு விரலால் சுற்றி மண்ணை எடுங்கள். அடிப்பக்கம் உள்ளங்கையை நுழைத்து, தாயிடமிருந்து குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் முழுதாகத் தூக்கவேண்டும். கிழங்கு பெரிதாகி வேருக்கிடையில் சிக்கிக்கொண்டால் மரவேரை வெட்டாதீர்கள். தலைப் பகுதியையாவது சுத்தமாக எடுத்துவிட்டு இடத்தில் துணி நாடா கட்டி வையுங்கள், அடுத்த முறை துளிர்த்திருந்தால் அங்கேயே பார்க்கலாம். குழியை உடனே மூடி, கையால் அழுத்தி, எடுத்த சருகையே திரும்பப் போட்டுவிடுங்கள். திறந்து கிடக்கும் மண்ணில் அடுத்த களை ஒரே வாரத்தில் வந்து உட்காரும்.

சிலந்தி லில்லி இதைவிட எளிது, பொறுமை மட்டும் வேண்டும். இலையைப் பிடித்து இழுத்தால் இலை கையோடு வரும், வெங்காயம் உள்ளேயே தங்கும். கூட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கடப்பாரையால் மண்ணை நெம்பி, முழுக் கட்டியாக வெளியே எடுங்கள். துணியில் வைத்துத் தட்டினால் மண் உதிரும், பூண்டுப் பல் அளவுக் குட்டிகளும் உதிரும். அந்தக் குட்டிகள்தான் நீங்கள் தேடுவது. குழியின் மண்ணையும் ஒரு முறை கையால் அளைந்து பாருங்கள். இதன் சாற்றில் நஞ்சு இருக்கிறது, கையுறை இல்லாமல் தொடவேண்டாம். டீஃபன்பாக்கியா, கலேடியம் சாறு பட்டாலும் தோல் எரியும், கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போகவேண்டியதுதான்.

நீலப்பூ பூக்கும் துன்பெர்ஜியா உங்கள் பக்கத்துக் காட்டோரத்திலும் இருக்கலாம். அழகான பூ, வேலியில் வளர்க்கவே கொண்டுவந்தார்கள். மண்ணுக்குள் அதன் வேர் கிழங்காகத் தடித்துப் பெருத்துவிடும், தண்டுத் துண்டும் வேர் விடும். முதிர்ந்ததைத் தொண்டூழியர் கையால் எடுப்பது நடக்காத காரியம், அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இளங்கொடியை மட்டும் வேரோடு எடுக்கலாம்.

மருந்து அடிக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தின் ஓடைகள் மெக்ரிச்சி, பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகின்றன. தண்ணீரோரம் யார் எதைத் தெளிப்பது என்பது பயிற்சி பெற்றவர்கள் முடிவு செய்யவேண்டியது.

எடுத்ததை என்ன செய்வது? உரக்குழியில் போடாதீர்கள், குமிழ் அங்கேயே முளைக்கும். காட்டிலேயே குவித்து வைப்பதும் வேண்டாம். கெட்டியான கருப்புப் பையில் இரண்டு சுற்றாகக் கட்டி வெளியே கொண்டுவந்து குப்பையில் சேருங்கள். சிங்கப்பூரில் வீட்டுக்குப்பை எரியூட்டப்பட்டுச் சாம்பல்தான் செமக்காவ் தீவுக்குப் போகிறது. எந்தக் குமிழும் அந்த வழியில் தப்பாது. பையில் கிழிசல் இருந்தால் வழிநெடுக விதைத்துக்கொண்டு வந்ததாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் புதியவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். மிக மோசமாக மூடிய இடத்துக்கு நேரே போய் வெட்டத் தொடங்குகிறார்கள். இந்த விஷயத்தில் நான் கேட்பது சிட்னியில் வாழ்ந்த பிராட்லி சகோதரிகள் சொன்னதை. ஜோன், எய்லீன் என்ற அந்த இரண்டு பேரும் 1960களிலிருந்து தங்கள் வீட்டுப் பக்கத்துக் காட்டில் கையால் களையெடுத்தே ஒரு முறையை உருவாக்கினார்கள். நல்ல காட்டிலிருந்து தொடங்கிக் கெட்ட காட்டை நோக்கி நகரவேண்டும். மண்ணை முடிந்தவரை கிளறக் கூடாது. சொந்தச் செடிகள் எந்த வேகத்தில் திரும்பி வருகின்றனவோ அந்த வேகத்துக்குமேல் களையெடுக்கக் கூடாது. இங்கே இது இன்னும் பொருந்தும். மூடிய கொடியை ஒரேயடியாக விலக்கினால் உள்ளே வெயில் கொட்டும், நம் ஊர் வெயிலில் புல்லும் வேறு கொடியும் ஒரே மாதத்தில் நிரப்பிவிடும். ஆகவே கொடி அப்போதுதான் எட்டிப்பார்த்திருக்கும் நல்ல காட்டு விளிம்பில் தொடங்குங்கள். அங்கே ஒரு காலையில் சுத்தம் செய்தது சுத்தமாகவே நிற்கும். சொந்தச் செடிகளான சிம்போ ஆயரும் தியுப் தியுப்பும் மகரங்காவும் தாமாகத் தலைதூக்கி நிழல் தரத் தொடங்கினால் இன்னும் பத்தடி முன்னேறலாம்.

ஆஸ்திரேலியா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே காட்டைத் தின்னும் கிழங்குக் களைகளில் பலவும் தென்னாப்பிரிக்காவிலிருந்து தோட்டத்துக்கு வந்த பூக்கள். ஃபிரீசியா, வாட்சோனியா, ஏரம் லில்லி, மஞ்சள் பூ புளியாரை. அவை குளிர்கால மழையில் துளிர்த்துக் கோடையில் மண்ணுக்குள் உறங்குபவை. புளியாரை போன்றவற்றைப் பழைய கிழங்கு வற்றி, புதுக் கிழங்கு இன்னும் திரளாத நேரத்தில், பூக்கும் தறுவாயில் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளே நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை மணல்மேடுகளில் பெரிய களை. நமக்குச் சாமிப் பூ, அந்த மண்ணின் செடிகளுக்கு அது எமன். இங்கே வருடம் முழுக்க மழையும் வெயிலும் இருப்பதால் அப்படியொரு பருவக் கணக்கு கிடைப்பதில்லை. அதற்குப் பதில் அடிக்கடி போகவேண்டும். முதல் வருடம் ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை அதே இடத்துக்கு, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. முளைத்து இரண்டு இலை விட்ட இளங்கொடியை மென்மையாக இழுத்தால் குமிழோடு சேர்ந்து வந்துவிடும், ஒரு நொடி வேலை. அதையே ஆறு மாதம் விட்டால் மண்டியிட்டுத் தோண்டவேண்டும்.

ஃபுளோரிடாவில் காய்வள்ளியே பெருங்களையாகிவிட்டது. அதை மட்டுமே தின்னும் சிவப்பு வண்டு ஒன்றை ஆசியாவிலிருந்து கொண்டுபோய் 2011, 2012 வாக்கில் விட்டார்கள், நன்றாக வேலை செய்கிறது. அது சான்சிபார் வள்ளிக்கு உதவும் வண்டு இல்லை. நமக்கு இப்போதைக்குக் கைதான்.

எல்லா அந்நியச் செடியையும் அகற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அல்பீசியா வெளிமரம்தான், ஆனால் அதன் உச்சியில் பருந்து வகைகள் கூடு கட்டுகின்றன. கம்பத்து ரம்புத்தானைக் குரங்கும் வௌவாலும் தின்கின்றன. மற்றதை மூடிக் கொல்கிறதா, கன்றுகளை முளைக்கவிடாமல் தடுக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். சான்சிபார் வள்ளி இரண்டையும் செய்கிறது. அது மூடிய மரத்தின் அடியில் நின்று மேலே பார்த்திருக்கிறீர்களா? நண்பகலில் அந்தி மாதிரி இருக்கும், கீழே ஒரு கன்றுகூட இருக்காது. சிலந்தி லில்லி அவ்வளவு கொடியதில்லை, நின்ற இடத்தில் நின்று கூட்டத்தை அகலமாக்கும். நேரம் குறைவாக இருந்தால் வள்ளியை முதலில் பாருங்கள்.

போகும்போது நீளக் கை சட்டை, மூடிய சப்பாத்து, தடித்த கையுறை. கையை வைக்கும் முன் குச்சியால் சருகைத் தட்டுங்கள், நாகம் இருக்கும் இடம் அது. கொடிக்குள் குளவிக்கூடு மறைந்திருக்கும், ஆகவே வெட்டும் முன் ஒரு நிமிடம் சும்மா நின்று பறப்பவற்றைக் கவனியுங்கள். கறுத்த சாறு வழிந்த ரெங்காஸ் மரத்தைத் தொடவேண்டாம், தோல் வெந்ததுபோலாகும். இடி கேட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மாமியாருக்கு வள்ளி வேண்டுமென்றால் தேக்காச் சந்தையில் பெருவள்ளி கிடைக்கும். சமூகத் தோட்டத்தில் ஒரு மூலை கிடைத்தால் நடவும் செய்யலாம், காட்டோரத்தில் மட்டும் வேண்டாம். காய்வள்ளிதான் வேண்டுமென்றால் பந்தலுக்குக் கீழே விழும் ஒவ்வொரு குமிழையும் பொறுக்கிவிடுவதாக அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வையுங்கள். இப்போது மேடையில் இருக்கும் நாலைந்தையும் நாளைக் காலைக்குள் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிடுங்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அவை அங்கேயே முளை விடும்.